மரத்தில் ஒரு வெற்று வளைவு: 90 பாகைக் குழலை மூன்றச்சு ரவுட்டரில் குடைந்தெடுக்கும் முறை

செய்ய வேண்டிய பொருள், 60 மி.மீ. வெளிவிட்டமும் 44 மி.மீ. உள்விட்டமும் கொண்ட ஒரு மரக்குழல். 90 பாகை வளைகிறது. நடுக்கோட்டின் ஆரம் 150 மி.மீ. வளைவின் இரு முனைகளிலும் 20 மி.மீ. நேர்ப்பகுதி உண்டு. சுவர் எங்கும் 8 மி.மீ. கனம். வயர் உள்ளே ஓடும் விளக்குத் தண்டு, ஒலிப்பெருக்கியின் காற்றுவழி, கைப்பிடி என எதற்காக இருந்தாலும் வேலைமுறை ஒன்றுதான். இயந்திரம் சாதாரண மூன்றச்சு சி.என்.சி. ரவுட்டர்: சுழலும் கட்டரைக் கணினிக் கட்டளைப்படி எக்ஸ், ஒய் (கிடைமட்டம்), இசட் (உயரம்) என மூன்று திசைகளில் நகர்த்தி வெட்டுவது. நான்காவது அச்சு தேவையில்லை.

இத்தகைய வேலையில் பலரும் டூல்பாத்தில்தான், அதாவது கட்டர் ஓடும் பாதையை வகுப்பதில்தான், நேரத்தைச் செலவிடுகிறார்கள். ஆனால் வெற்று வடிவத்தைக் கெடுப்பது பெரும்பாலும் டூல்பாத் அல்ல. ஒரு நேரத்தில் உட்பரப்பு வெட்டப்படுகிறது, வேறொரு நேரத்தில் கட்டையைப் புரட்டி வைத்து வெளிப்பரப்பு வெட்டப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவதே சுவர். இடையில் நேரும் பிழை ஒவ்வொன்றும் அந்த 8 மி.மீ.க்குள் வந்து சேரும். ஆகவே வெட்டும் வரிசையையும், எல்லா வெட்டுகளும் சார்ந்து நிற்கும் ஆதாரப் புள்ளிகளையும் முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் கணினியில் கோடு போட வேண்டும்.

எங்கே பிளப்பது, எதை முதலில் வெட்டுவது

குழலின் நடுக்கோடு ஒரே தளத்தில் கிடப்பதால் அந்தத் தளத்திலேயே இரண்டாகப் பிளக்கலாம். அப்போது ஒவ்வொரு பாதியும் அரைவட்ட வெட்டுமுகம் பெறும். அதன் மிக அகலமான இடம் பிளவுத் தளத்திலேயே இருப்பதால், மேலிருந்து நேராக இறங்கும் கட்டருக்கு எட்டாத இடம் எதுவும் இருக்காது. பிளவைத் தளத்திலிருந்து 2 மி.மீ. நகர்த்தினாலும் ஒரு பாதியில் உட்புறம் மேலே குறுகி, மூன்றச்சு இயந்திரத்தால் தொட முடியாத மறைவு உண்டாகிவிடும். நடுக்கோடு மேலும் கீழுமாக முறுகும் வடிவங்களில் பிளவுப் பரப்பும் கூடவே முறுக வேண்டும். அந்த வேலை வேறு.

இரு முனைகளின் நேர்ப்பகுதியும் இங்கே சமம் என்பதால் இரண்டு பாதிகளும் ஒன்றுபோல இருக்கும். ஒரு முனை 20, மறுமுனை 50 என்றால் அப்படி அல்ல. ஒரு பாதி மற்றதன் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். ஒரே கோப்பை இரண்டு முறை ஓட்டினால் ஒன்றோடொன்று பொருந்தாத இரு துண்டுகள்தான் கிடைக்கும்.

வரிசையில் இரண்டு வழிகள் உண்டு. ஒவ்வொரு பாதியிலும் உள்ளும் வெளியும் வெட்டி முடித்துக் கடைசியில் ஒட்டுவது ஒன்று. உட்குழிகளை மட்டும் வெட்டி, ஒட்டி, பிறகு ஒட்டிய கட்டையின் வெளிப்புறத்தை வெட்டுவது மற்றது. இரண்டாவதே மேல். முதல் வழியில் 8 மி.மீ. சுவர் கொண்ட இரண்டு வளைந்த ஓடுகளைக் கிளாம்பில் இறுக்க வேண்டும். உருண்ட முதுகில் கிளாம்ப் நிற்காது. அழுத்தம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும், ஒட்டும்போதே பாதிகள் வழுக்கும். இரண்டாவது வழியில் ஒட்டும் நேரத்தில் இரு கட்டைகளும் தட்டையாகவும் இணையாகவும் இருக்கின்றன, அழுத்தம் சீராகப் பரவுகிறது. வெளிப்பரப்பு ஒட்டிய பிறகே பிறப்பதால் ஒட்டுவதில் நேரும் வழுக்கல் வெளியே தெரிவதும் இல்லை. விலை ஒன்றுதான்: ஒட்டிய பின் உட்புறத்தைத் தொட முடியாது. உள்ளே செய்ய வேண்டிய தேய்ப்பும் பூச்சும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கட்டை

ஒரே பலகையில் 90 பாகை வளைவை வெட்டினால் ஒரு முனையில் மர இழை குழலின் நீளத்தில் ஓடும், மறுமுனையில் குழலுக்குக் குறுக்கே ஓடும். குறுக்கிழை முனை 8 மி.மீ. கனத்தில் லேசான அடிக்கே முறியும். தீர்வு, கட்டையை ஆப்பு வடிவத் துண்டுகளால் கட்டுவது. முதல் பாதிக்கு 30 பாகைத் துண்டுகள் மூன்று. இணைப்புகள் வளைவின் 30, 60 பாகைகளில் விழும். இரண்டாம் பாதிக்கு நான்கு துண்டுகள். இணைப்புகள் 15, 45, 75 பாகைகளில். இழையை ஒவ்வொரு துண்டின் நடுவிலும் குழலின் போக்குக்கு இணையாக வைக்க வேண்டும். இரண்டாம் பாதியின் முனைத் துண்டுகளில் மட்டும் நேர்ப்பகுதிக்கு இணையாக. அப்போது இழைக்கும் குழலின் திசைக்கும் இடையிலான கோணம் எங்கும் 15 பாகையைத் தாண்டாது.

இந்தத் துண்டுகள் ஏறக்குறைய இழைமுனையோடு இழைமுனை ஒட்டுபவை. அந்த ஒட்டு தனியாக நின்றால் பலவீனமானது. இரு பாதிகளிலும் இணைப்புகள் விலகி விழுவதன் பயன் இங்கேதான்: ஒரு பாதியின் இணைப்பை மறுபாதியின் முழு மரம் தாங்குகிறது. இழைமுனைகளில் முதலில் நீர்த்த பசையை ஒரு முறை பூசி ஊறவிட்டு, சில நிமிடம் கழித்து வழக்கமான பூச்சைத் தர வேண்டும். இல்லாவிட்டால் பசை முழுவதும் மரத்துக்குள் இறங்கி இணைப்பு வறண்டுவிடும்.

வளையத்தின் உள்மூலையையும் வெளிமூலைகளையும் அதே மரத்தின் கழிவுத் துண்டுகளால் நிரப்பி 290 × 290 மி.மீ. சதுரமாக்கிக்கொள்ள வேண்டும். சட்டமாக நிற்கப்போவது இந்த நிரப்புப் பகுதிதான். கட்டையை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிறுத்தும் பின்களும் (உருளைக் குச்சிகள்) திருகுகளும் இங்கேதான் இறங்கும். மரம் பீச், மேப்பிள் போல நெருக்கமான இழை கொண்டதாகவும், ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்குள்ளும் இருப்பது நல்லது. தொடக்கக் கனம் ஒவ்வொன்றும் 33 மி.மீ.

இரண்டு துளைகள்

முழு வேலையும் இரண்டு 8 மி.மீ. துளைகளில் தொங்குகிறது. சதுரத்தின் மையமே எக்ஸ், ஒய் சுழியம். எக்ஸ் சுழியக் கோட்டின் மேல், மையத்திலிருந்து ஒய் திசையில் இருபுறமும் 130 மி.மீ. தள்ளி இரண்டு துளைகள், கட்டையை ஊடுருவி, அதன் கீழே மேசையில் பூட்டிய எம்.டி.எஃப். (அழுத்திய மரநார்) பலகையான ஸ்பாயில்போர்டில் 10 மி.மீ. இறங்கும்படி. புத்தகத்தின் பக்கத்தைப் புரட்டுவதுபோலக் கட்டையை இந்தக் கோட்டைச் சுற்றித்தான் புரட்டுகிறோம். இந்த அளவில் குழலின் பாதை இரண்டு பின்களையும் தொடாது. ஒன்று வெளிவளைவுக்கு அப்பாலும் மற்றது உள்மூலையிலும் நிரப்பு மரத்தில் அமர்கிறது.

துளைகளை 6 மி.மீ. கட்டரால் சுருள் பாதையில் வெட்டிப் பின்னுக்குச் சரியாகப் பொருந்த வைக்க வேண்டும். டிரில் பிட் இழையின் போக்கில் விலகும் இயல்புடையது. இந்த வேலைக்கு ஆகாது. ஒரே இரண்டு பின்கள் நான்கு தருணங்களில் பயன்படுகின்றன: இரு பாதிகளின் உட்குழிகளை வெட்டும்போது, ஒட்டும்போது, வெளிப்புறம் முதல் பக்கம், வெளிப்புறம் மறுபக்கம். எம்.டி.எஃப். துளைகள் பின்னை ஏற்றி இறக்கும்போது மெல்லத் தளரும். தளர்ந்துவிட்டால் அதே இடத்தில் ஒரு புதிய எம்.டி.எஃப். துண்டைப் பதித்து, இயந்திரத்தாலேயே மறுபடி துளையிட வேண்டும்.

இசட் சுழியம் எப்போதும் ஸ்பாயில்போர்டின் மேற்பரப்பு. கட்டையின் மேற்பரப்பு அல்ல. வேலையைத் தொடங்கும் முன் ஸ்பாயில்போர்டை ஒரு முறை சீவிவிட வேண்டும். பிளவுத் தளம் ஸ்பாயில்போர்டிலிருந்து 32.0 மி.மீ. உயரத்தில் நிற்கும். இந்த எண் கடைசிவரை மாறாது.

உட்குழி

வெளிமுகம் கீழே, பிளவு முகம் மேலே. 10 மி.மீ. இரு விளிம்பு எண்ட் மில் (தட்டை நுனிக் கட்டர்), நிமிடத்துக்கு 16,000 சுற்று, விளிம்புக்கு 0.15 மி.மீ. சீவல் என்றால் வேகம் நிமிடத்துக்கு 4,800 மி.மீ. ஒரு தடவைக்கு 6 மி.மீ. ஆழம். சுவரில் 1 மி.மீ. விட்டுவைத்து முதல் வெட்டை முடிக்கவும்.

இங்கே அவசரப்பட்டு முடிவு வெட்டுக்குப் போகக் கூடாது. 33 மி.மீ. கட்டையிலிருந்து இவ்வளவு மரம் ஒரே பக்கம் போனதும் உள்ளே அடைபட்டிருந்த இறுக்கம் தளர்ந்து கட்டை சற்றே வளையும். ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்துவிட்டுத் திரும்பப் பின்களில் பூட்டி, அதன் பிறகே பிளவு முகத்தை 32.0 மி.மீ.க்குச் சீவ வேண்டும். தொடக்கக் கனத்தில் 1 மி.மீ. கூடுதல் வைத்தது இதற்காகவே. நான்கு மூலைகளிலும் காலிப்பரால் அளந்து 0.05 மி.மீ.க்குள் ஒத்திருந்தால் போதும்.

முடிவு வெட்டு 12 மி.மீ. பால் நோஸ், அதாவது உருண்டை நுனிக் கட்டரால். உட்குழியின் நீளத்தை முனை நேர்ப்பகுதியோடு நிறுத்தாமல் மேலும் 8 மி.மீ. நீட்ட வேண்டும். உருண்டைக் கட்டர் குழியின் கடைக்கோடியில் 6 மி.மீ. ஆரத்தில் ஒரு வளைவை விட்டுச் செல்லும். அந்த வளைவு பயன்படும் நீளத்துக்குள் வரக் கூடாது. இதற்காக வடிவத்தின் இரு முனைகளிலும் 15 மி.மீ. தியாகப் பகுதி சேர்த்தே வரைய வேண்டும். பின்னால் அறுத்து எறியப்படும் பகுதி அது.

குழியின் அடித்தளத்தில் கட்டரின் நுனிப்புள்ளி மட்டுமே மரத்தைத் தொடுகிறது; அங்கே வெட்டும் வேகம் சுழியம். வெட்டாமல் தேய்ப்பதால் இழை நுரைத்து நிற்கும், சில மரங்களில் கருகும். சுற்றை ஏற்றுவது இதைச் சரிசெய்யாது. வேகத்தைக் குறைக்காமல் ஓட்டி, அந்த ஒடுங்கிய பட்டையைக் கையால் தேய்த்துவிடுவதே நடைமுறை.

ஒட்டுதல்

உட்புறத்தைத் தேய்த்து, ஒட்டுமுகத்தை டேப்பால் மறைத்து, இரண்டு பூச்சு ஷெல்லாக் கொடுக்க வேண்டும். பிதுங்கி உள்ளே வழியும் பசை பூச்சின் மேல் தங்குமே தவிர மரத்தில் ஊறாது. குழியின் விளிம்பில் 0.5 மி.மீ. சரிவு வெட்டிவைத்தால் அந்தப் பிதுக்கத்தின் பெரும்பகுதி அங்கேயே அடங்கும். 8 மி.மீ. ஒட்டுமுகத்தில் பசையை வெளிப்பக்க 5 மி.மீ. அளவுக்குத் தடவி, அழுத்தத்தில் உள்நோக்கிப் பரவ விடுவது போதுமானது. சட்டப் பகுதியிலும் பசை வேண்டும். ஒட்டிய கட்டை முழுவதும் ஒரே உடலாக நிற்க வேண்டும்.

மேலும் கீழும் 18 மி.மீ. பிளைவுட், சுற்றிலும் எட்டுக் கிளாம்ப். பின்கள் உள்ளே இருக்க, முதலில் நடுவிலிருந்து இறுக்கி வெளியே போகவும். கிளாம்பைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடலாம். வெட்டுவதற்கு மட்டும் ஒரு முழு நாள் காத்திருக்க வேண்டும். நீர் கலந்த பசை ஒட்டுக்கோட்டின் இருபுறமும் மரத்தை உப்பவைக்கும்; உப்பிய நிலையில் வெட்டி மழமழப்பாக்கினால், பிறகு அது காய்ந்து சுருங்கி, இணைப்புக் கோடு நெடுக ஒரு பள்ளம் விழும்.

வெளிப்புறம்

இப்போது கட்டை 64 மி.மீ. குழலின் உச்சி கட்டையின் மேற்பரப்புக்கு 2 மி.மீ. கீழே இருக்கிறது. நான்கு மூலைகளிலும் தலை புதைந்த திருகுகளால் பூட்டவும். மேலே எழுந்து நிற்கும் கிளாம்ப் இங்கே வேண்டாம். காரணம் கட்டரின் நீளக் கணக்கில் இருக்கிறது. அரைவட்டச் சுவர் பிளவுத் தளத்தில் செங்குத்தாக முடிகிறது. அந்த இடம்வரை பால் நோஸ் முழுமையாகத் தொட வேண்டுமானால் உருண்டையின் மையம் பிளவுத் தளத்துக்கு வர வேண்டும். நுனி அதற்கும் 6 மி.மீ. கீழே, அதாவது இசட் 26-இல். கட்டையின் மேலிருந்து 38 மி.மீ. ஆழம். கட்டரைப் பிடிக்கும் கவ்வியான கொலெட்டிலிருந்து அதை 50 மி.மீ. வெளியே விட்டால் கொலெட்டின் நட்டுக்கும் கட்டைக்கும் இடையே 12 மி.மீ. இடைவெளிதான் மிஞ்சும். பிளவுத் தளத்தோடு நுனியை நிறுத்திவிடுவது இவ்வகை வேலையில் அடிக்கடி காணும் தவறு. அப்படிச் செய்தால் இணைப்புக் கோட்டைச் சுற்றிலும் 6 மி.மீ. அகலத்துக்கு வெட்டப்படாத ஒரு விளிம்பு எழுந்து நிற்கும்.

50 மி.மீ. நீட்டத்தில் 6 மி.மீ. கட்டரைப் போடும் ஆசை வரக்கூடாது. வளைதல் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், அதே விசையில் 6 மி.மீ. தண்டு 12 மி.மீ. தண்டைவிட 16 மடங்கு வளையும். இந்த வடிவத்தில் 6 மி.மீ. ஆரத்தைவிட இறுக்கமான உள்மூலை எதுவும் இல்லை. சிறிய கட்டர் தருவது நடுக்கத்தை மட்டுமே.

குழலைச் சுற்றி 16 மி.மீ. அகல வாய்க்கால், முதல் வெட்டில் 1.5 மி.மீ. மிச்சம். வெளிவளைவில் மூன்று இடங்களில், குழலைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்த, 12 மி.மீ. அகலமும் 8 மி.மீ. கனமும் உள்ள பாலங்களை, இணைப்புக் கோட்டை நடுவாக வைத்து, வடிவத்திலேயே வரைந்துவிட வேண்டும். உள்வளைவில் பாலம் வைத்தால் பின்னால் தேய்க்கக் கை நுழையாது.

முடிவு வெட்டின் திசை முக்கியம். இணைகோட்டு டூல்பாத்தில் ஸ்டெப்ஓவர், அதாவது அடுத்தடுத்த இரு ஓட்டங்களுக்கு இடையிலான தொலைவு, மேலிருந்து பார்க்கும் இடைவெளி. சுவர் 60 பாகை சாயும்போது பரப்பின் மேல் அது இரட்டிப்பாகும். இரு ஓட்டங்களுக்கு நடுவே வெட்டப்படாமல் எழும் முகட்டின் உயரமோ இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் நான்கு மடங்காகும். செங்குத்தை நெருங்க நெருங்கப் படிக்கட்டே விழும். குழலின் நீளத்தைத் தொடர்ந்து, பரப்பின் மேலேயே சமஇடைவெளியில் ஓடும் பாதை இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மென்பொருளில் அது இல்லாவிட்டால் 45 பாகைக்குக் குறைந்த சாய்வுக்கு இணைகோடு, அதற்கு மேல் மட்டக்கோடு (ஒரே உயரத்தில் ஓடும் பாதை) எனப் பிரித்து 2 மி.மீ. மேலடுக்க வேண்டும்.

முகட்டின் உயரத்தை முன்கூட்டியே கணக்கிடலாம். தட்டையான பரப்பில் அது இடைவெளியின் வர்க்கத்தை உருண்டையின் ஆரத்தைப் போல் எட்டு மடங்கால் வகுத்தால் வரும். 6 மி.மீ. ஆரத்தில் 1 மி.மீ. இடைவெளிக்கு 0.021 மி.மீ. ஆனால் குழிந்த பரப்பில் முகடு குறையும், குவிந்த பரப்பில் கூடும். இங்கே அதே 1 மி.மீ.க்கு உட்குழியில் 0.015, வெளிப்புறத்தில் 0.025. ஆகவே உள்ளே 1 மி.மீ., வெளியே 0.8 மி.மீ. வைத்தால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே முகடு. 1 மி.மீ. இடைவெளியில் ஒரு பக்க வெளிப்பரப்புக்குப் பாதையின் நீளம் சுமார் 26 மீட்டர். நிமிடத்துக்கு 4,000 மி.மீ. வேகத்தில் ஆறரை நிமிடம். 0.8-க்கு எட்டு நிமிடம். அதற்கும் கீழே போவதில் பயனில்லை. முகடுகள் இழையின் போக்கிலேயே ஓடுவதால் 120 எண் தாள் அவற்றை எளிதில் எடுத்துவிடும்.

முதல் பக்கம் முடிந்ததும் புரட்டிப் பின்களில் இறக்கவும். குழலின் உச்சி இப்போது ஸ்பாயில்போர்டுக்கு 2 மி.மீ. மேலே அந்தரத்தில் நிற்கிறது. அப்படியே வெட்டினால் குழல் அதிரும், பரப்பில் அலை விழும். உச்சியின் கீழே மூன்று இடங்களில் 2 மி.மீ. தகடுகளை இருபக்க டேப்பால் ஒட்டித் தாங்கல் கொடுக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் முதல் பக்கத்து வாய்க்கால் இசட் 38-இல் திறந்துகொள்ளும். 64-இலிருந்து 6 மி.மீ. படிகளில் இறங்கினால் 40-இல் வெறும் 2 மி.மீ. தளம் மிஞ்சி, அடுத்த வெட்டில் கிழிந்து கட்டரில் சிக்கும். அடுத்து கீழே போகும் முன் 4 மி.மீ.யாவது மிஞ்சும்படி படிகளைச் சற்று மாற்றிக்கொள்ளவும்.

பிழை எங்கே தெரிகிறதோ அதுவே காரணத்தைச் சொல்லும்

இணைப்புக் கோட்டில் விரல் வைத்துப் பார்த்தால் படி தட்டுப்படலாம். வளைந்த குழலில் இதை வாசிக்கும் முறை நேர்க்குழலில் உள்ளதுபோல் அல்ல, ஏனென்றால் குழலின் திசை முனைக்கு முனை மாறுகிறது.

ஒரு முனை ஒய் திசையில் ஓடுகிறது. எக்ஸ் திசைப் பெயர்ச்சி அங்கே முழுப் படியாகத் தெரியும். மறுமுனை எக்ஸ் திசையில் ஓடுவதால் அதே பெயர்ச்சி குழலின் நீளத்திலேயே ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒய் முனையில் படி, எக்ஸ் முனை சுத்தம் என்றால், பின்களின் கோடு எக்ஸ் சுழியத்தில் இல்லை என்று பொருள். இடையில் சுழியம் மாறியிருக்கும், அல்லது மோட்டார் அடி தவறியிருக்கும். புரட்டும்போது பிழை இரட்டிப்பாவதால் 0.4 மி.மீ. படிக்குக் காரணம் 0.2 மி.மீ. விலகலே.

படி எக்ஸ் முனையில் மட்டும் தெரிந்தால் முதலில் பின்களை ஆட்டிப் பார்க்கவும். பின்கள் இறுக்கமாக இருந்தால், அச்சுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இல்லை. பின் துளைகளை இயந்திரமே வெட்டியதால் கட்டை இயந்திரத்தின் சாய்ந்த ஒய் அச்சைச் சுற்றியே புரள்கிறது. பிழை ஒய் திசையில், மையத்திலிருந்து எக்ஸ் தொலைவுக்கு ஏற்ப வளர்கிறது. 400 மி.மீ.க்கு 0.4 மி.மீ. சாய்வு இருந்தால், மையத்திலிருந்து 100 மி.மீ. தள்ளியுள்ள முனையில் 0.2 மி.மீ. படி வரும். வேலைக்கு முன்பே இதைச் சோதிக்கலாம். 400 மி.மீ. பக்கச் சதுரத்தின் மூலைகளில் நான்கு துளையிட்டு மூலைவிட்டங்களை அளக்கவும், இரண்டும் 565.7 வர வேண்டும். வேறுபாடு 0.57 மி.மீ. என்றால் சாய்வு மேலே சொன்ன 0.4.

படியே இல்லை, ஆனால் முனையை அறுத்துப் பார்க்கும்போது மேல்சுவர் 8.4, கீழ்ச்சுவர் 7.6 என்றால் கோளாறு இசட்டில். பிளவு முகம் 32.0-இல் சீவப்படவில்லை, அல்லது கட்டர் மாற்றியபோது உயரம் சரியாக எடுக்கப்படவில்லை. நல்ல மரத்தில் கை வைக்கும் முன் எம்.டி.எஃப்.பில் இதே பின்களோடு 40 மி.மீ. நீளத் துண்டு ஒன்றைச் செய்து, குறுக்கே அறுத்து, சுவரை நான்கு இடங்களில் அளந்துவிடுவது மிக நல்ல பழக்கம். 3 அல்லது 4 மி.மீ. சுவர் கேட்கும் வேலைகளில் இது கட்டாயம்.

பரப்பில் முகடுகளோடு சேராத தட்டைப் பட்டைகள் தெரிந்தால், கோப்பைப் பார்க்க வேண்டும். வடிவத்தைச் சிறு முக்கோணங்களால் எழுதும் எஸ்.டி.எல். கோப்பாக மாற்றும்போது 0.1 மி.மீ. பிழை அனுமதித்தால் 180 மி.மீ. ஆர வெளிவளைவு 12 மி.மீ. நீள நேர்த்துண்டுகளாக உடையும். பூச்சு ஏறியதும் அவை பளிச்செனத் தெரியும். 0.02 வைத்தால் துண்டு 5.4 மி.மீ.; தேய்ப்பில் மறைந்துவிடும். கோப்பை அளவுக்கு மீறி நுணுக்கினால் வேறொரு தொல்லை. 4,800 மி.மீ. வேகத்தில் அரை மி.மீ. துண்டுகள் என்றால் நொடிக்கு 160 கட்டளைகள். கண்ட்ரோலர் அதைத் தாங்காவிட்டால் இயந்திரம் திக்கித் திக்கி ஓடி, நின்ற இடங்களிலெல்லாம் கருகல் புள்ளி விடும்.

பாலங்களை நுண்பல் ரம்பத்தால் அறுத்து, தியாக முனைகளைக் குழலுக்குச் செங்குத்தாக வெட்டி எடுக்கவும். முனையை அறுக்கும்போது உட்குழிக்குள் 43 மி.மீ. மரச் செருகு ஒன்றை நுழைத்துவிட்டால் உள்விளிம்பு சிதறாது. முதலில் ஒரு முனையை வெட்டித் திறந்த பிறகே செருகு உள்ளே போகும் என்பதால், முதல் முனையை இறுதி அளவுக்கு 5 மி.மீ. வெளியே அறுத்து, செருகை நுழைத்து, மறுபடி சரியான அளவில் அறுக்க வேண்டும். பிறகு 120, 180, 240 எண் தாள்கள், எல்லாம் குழலின் நீளத்தில்.